வேலையை விட வேண்டாம், கேள்விகளை விடப் பழகுங்கள்

கேள்வி: நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். சேலத்தில் பொறியியல் முடித்துவிட்டு, மூன்று ஆண்டுகளாகப் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். பொம்மனஹள்ளியில் ஒரு பி.ஜி. விடுதியில் தங்கியிருக்கிறேன். 2024 நவம்பரில் எம்.பி.ஏ. படிப்புக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதினேன். ஆங்கிலப் பகுதியில் 58, டி.ஐ.எல்.ஆர். என்னும் தரவு, தர்க்கப் பகுதியில் 74, கணிதத்தில் 91, மொத்தத்தில் 78 பெர்சென்டைல் (எழுதியவர்களில் 78 சதவீதத்தினரை முந்திய நிலை) வந்தது. வாரம் இரண்டு மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) எழுதியும் மதிப்பெண் நகரவே இல்லை. இந்த முறை வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாகப் படிக்கலாமா? தமிழ் வழியில் படித்த என்னால் ஆங்கிலப் பகுதியைத் தாண்ட முடியுமா? எம்.பி.ஏ. சேர்க்கைக்கான இன்னொரு தேர்வான ஜிமேட் (GMAT) எளிது என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள், அதற்கு மாறிவிடலாமா? "இந்த ஒரு தடவைதான், அப்புறம் கல்யாணப் பேச்சை எடுத்துடுவேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். என் விடைகளின் விவரத்தையும் இணைத்திருக்கிறேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

பதில்: உங்கள் கேள்விகளில் அவசரமானது வேலையைப் பற்றியது என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு (2025) கோழிக்கோடு ஐ.ஐ.எம். (இந்திய மேலாண்மைக் கழகம்) நடத்தும் கேட் தேர்வு நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை நடைபெறுகிறது. உங்கள் நிறுவனத்தின் நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா கொடுத்த பின்னும் வேலை பார்க்க வேண்டிய காலம், எத்தனை நாள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் இந்த ஊரின் மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் அது 60 நாளாகவோ 90 நாளாகவோ இருப்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஆகஸ்ட் முதல் வாரத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தால், 90 நாள் கழிந்து நீங்கள் விடுபடுவது நவம்பர் முதல் வாரத்தில்தான். அதாவது, நான்கு மாத ஓய்வு என்று நீங்கள் மனத்தில் போட்டிருக்கும் கணக்கு, நடைமுறையில் மூன்றே சொச்சம் வாரமாகச் சுருங்கிவிடும். அந்த மூன்று வாரத்தை ஈட்டிய விடுப்பைக் கொண்டே ஈடுகட்டலாம். இப்போதிருந்தே விடுப்பைச் சேமித்து, நவம்பர் பிற்பாதியில் பத்து நாள் எடுப்பதாக உங்கள் மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். காரணத்தைச் சொல்வதா வேண்டாமா என்பது அவரைப் பொறுத்தது. "ஊரில் வேலையிருக்கிறது" என்பதும் ஒரு காரணம்தான்.

நோட்டீஸ் பீரியட் குறைவாக இருந்தாலும் என் ஆலோசனை மாறாது. பெங்களூரு ஐ.ஐ.எம். உள்ளிட்ட பல நிறுவனங்கள் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பவர்களைப் பட்டியலிடும்போதும், இறுதியாகத் தேர்ந்தெடுக்கும்போதும், கேட் மதிப்பெண்ணோடு பணி அனுபவத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. நேர்முகத் தேர்வு நடக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நீங்கள் வேலையில் இருக்கும் ஒருவராகப் போய் உட்காருவதற்கும், "படிப்பதற்காக வேலையை விட்டேன்" என்று விளக்கம் சொல்ல வேண்டியவராகப் போவதற்கும் வேறுபாடு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலையை விட்டவர் தேர்வு அறைக்குள் நுழையும்போது வாடகை, வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணம், அப்பாவின் கெடு எல்லாவற்றையும் தோளில் தூக்கிக்கொண்டுதான் நுழைகிறார். 40 நிமிடத்தில் எதை விடுவது என்று நிதானமாக முடிவெடுக்க வேண்டிய ஒரு தேர்வுக்கு அந்தச் சுமை ஆகாது.

நேரம் போதாது என்று நீங்கள் நினைப்பது இயல்பே. ஆனால் பொம்மனஹள்ளியிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவர் நீங்கள். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பை அன்றாடம் கடக்க வேண்டாத திசையில் வேலை அமைந்திருப்பதே இந்த ஊரில் ஒரு பாக்கியம். காலையில் அலுவலகத்துக்குக் கிளம்புவதற்கு முன் ஒன்றரை மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம், சனி, ஞாயிறுகளில் அரை நாள் வீதம் ஒதுக்கினாலே வாரத்துக்கு இருபது மணி நேரம் கைக்கு வரும். உங்களுக்கு அது போதும். உங்கள் விடைகளின் விவரத்தைப் பார்த்தபின் இதைத் துணிந்தே சொல்கிறேன், ஏனெனில் உங்களைப் பின்னுக்கு இழுத்தது படித்த நேரத்தின் குறைவு அன்று.

அந்த விவரத்துக்கு வருவோம். 2024 தேர்வில் ஆங்கிலத்தில் 24, டி.ஐ.எல்.ஆரில் 22, கணிதத்தில் 22 என மொத்தம் 68 கேள்விகள் இருந்தன. ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிடம், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேரத்தைக் கடன் வாங்க முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி என்றால் தவறுக்கு 1 மதிப்பெண் கழியும். விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது. ஆங்கிலப் பகுதியில் நீங்கள் 24 கேள்விகளில் 22 கேள்விகளுக்கு விடையளித்திருக்கிறீர்கள். அவற்றில் 8 சரி, 14 தவறு. தவறானவற்றில் 3 தட்டச்சுக் கேள்விகள் என்பதால் அவை தப்பின. மீதி 11 கேள்விகள் ஆளுக்கொரு மதிப்பெண்ணைத் தின்றுவிட்டன. 24 மதிப்பெண் ஈட்டி, 11 மதிப்பெண் இழந்து, 13 மதிப்பெண்ணோடு வெளியே வந்திருக்கிறீர்கள். இப்போது இருக்கும் அதே ஆங்கிலத்தோடு, ஒரு பத்தியை முழுவதுமாகக் கைவிட்டு, மொத்தம் 14 கேள்விகளை மட்டும் தொட்டு, மிச்சமான நேரத்தை அவற்றுக்கே செலவழித்து, 9 சரி, 5 தவறு என்று முடித்திருந்தால் உங்கள் மதிப்பெண் 22. கூடுதலாகச் சரி செய்தது ஒரே ஒரு கேள்வி. கூடுதலாகக் கிடைப்பது 9 மதிப்பெண்.

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும் என்ற பழக்கம் நம் பள்ளித் தேர்வுகள் நமக்கு ஊட்டியது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் ஒரு கேள்வியைக் கூட விடாமல் எழுதிய பிள்ளைதான் நல்ல பிள்ளை; தெரியாவிட்டாலும் ஏதாவது எழுதி வை, பாதி மார்க்காவது போடுவார்கள் என்று சொல்லித்தான் நம்மை அனுப்பினார்கள். கேட் தேர்வு அந்தப் பழக்கத்துக்கு அபராதம் விதிக்கிறது. அண்மைய ஆண்டுகளில் மொத்த மதிப்பெண்ணில் ஏறத்தாழப் பாதியை எடுத்தவர்களே 99 பெர்சென்டைலை ஒட்டி நின்றிருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். மீதிப் பாதியை அவர்கள் அடைய முடியாமல் மட்டும் விடவில்லை; அதில் கணிசமான பங்கைப் பார்த்ததும் ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஊகித்து விடையளிப்பதைப் பற்றிக் கோச்சிங் சென்டர்களில் பலவிதமாகச் சொல்வார்கள். கணக்கு எளிமையானது. நான்கு விடைகளில் எதுவும் தெரியாமல் ஒன்றைத் தொட்டால், நான்கில் ஒரு முறை 3 மதிப்பெண் கிடைக்கும், மூன்று முறை 1 மதிப்பெண் போகும். நீண்ட கால சராசரியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடை நிச்சயமாகத் தவறு என்று நீக்க முடிந்தால் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் லாபம். இரண்டை நீக்க முடிந்தால் ஒரு மதிப்பெண் லாபம். காகிதத்தில் இது சரி. ஆனால் ஆங்கிலப் பகுதியின் தவறான விடைகள் கண்ணை மூடித் தொடுபவருக்காக அமைக்கப்பட்டவை அல்ல. அரைகுறையாகப் படித்தவர் சரியாகப் போய் விழுவதற்காக அமைக்கப்பட்டவை. அரைகுறையாகப் படித்துவிட்டு ஊகிப்பவர், நாணயத்தைச் சுண்டிப் போட்டு விடையளிப்பவரைவிட மோசமாகவே செய்வார். உங்கள் 14 தவறுகளே அதற்குச் சான்று. ஆகவே ஊகிப்பதைத் தட்டச்சுக் கேள்விகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாரா ஜம்பிள் (கலைந்த வாக்கியங்களை வரிசைப்படுத்துவது) போன்ற அந்தக் கேள்விகளில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை, வெறுமையாக விடுவதுதான் வீண்.

தமிழ் வழியில் படித்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் வரியில் ஒரு தாழ்வு தொனிக்கிறது. அதை இப்போதே களைந்துவிடுவது நல்லது. ஆங்கிலப் பகுதியின் 24 கேள்விகளில் 16 கேள்விகள் நான்கு பத்திகளைப் படித்துப் பதில் சொல்பவை. அவற்றில் இலக்கணம் கேட்கப்படுவதில்லை, உச்சரிப்பு தேவையில்லை, அகராதியை மனப்பாடம் செய்தவருக்குத் தனிச் சலுகையும் இல்லை. ஒருவர் ஒரு வாதத்தை முன்வைக்கிறார். அவர் எதைச் சொல்கிறார், எதைச் சொல்லவில்லை, எவ்வளவு தூரம் சொல்கிறார் என்பதைப் பிரித்தறிய முடிகிறதா என்பதுதான் சோதனை. தமிழில் ஒரு நல்ல கட்டுரையைப் படித்து அதனோடு சண்டை போடத் தெரிந்தவருக்கு அந்தத் திறனில் முக்கால் பங்கு ஏற்கெனவே இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பெங்களூருவின் ஏரிகளைப் பற்றி இப்படி ஒரு பத்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் நீர் வரத் தொடங்கியபின் நகரத்தார் ஏரிகளை நம்பியிருக்க வேண்டிய தேவை குறைந்தது, தேவை குறைந்த இடத்தில் தூர் வாருவதும் கரை காப்பதும் யாருடைய வேலையாகவும் இல்லாமல் போயிற்று, காலப்போக்கில் தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாகவும் சம்பங்கி ஏரி விளையாட்டரங்கமாகவும் மாறின, இன்று ஏரிகளைக் காக்கச் சட்டங்கள் இயற்றுபவர்கள் இந்த உறவு அறுந்ததைக் கவனிப்பதில்லை. கட்டுரையாளரின் மைய வாதம் என்ன என்பது கேள்வி. முதல் விடை, நிலத்துக்கான பேராசையே ஏரிகளை அழித்தது என்கிறது. பெங்களூருவில் வசிக்கும் எவருக்கும் அது உண்மையாகவே படும். ஆனால் பத்தியில் அந்தப் பேச்சே இல்லை. இரண்டாவது, குழாய் நீர் ஒன்றுதான் ஏரிகளின் அழிவுக்குக் காரணம் என்கிறது. ஆசிரியர் சொன்னதைவிட ஒரு படி மேலே போய்விடுகிறது. மூன்றாவது, தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் பேருந்து நிலையம் வந்தது என்கிறது. முழுக்க உண்மை, பத்தியிலும் இருக்கிறது, ஆனால் அது வாதத்துக்கு ஆதாரமே தவிர வாதம் அன்று. நான்காவது, மக்களின் அன்றாடத் தேவையிலிருந்து விலகிய நீர்நிலைகள் அவர்களின் அக்கறையிலிருந்தும் விலகின என்று, சற்றுச் சுவையற்ற நடையில் சொல்கிறது. அதுதான் விடை.

உங்கள் தவறான விடைகளை எடுத்து இப்படி ஒவ்வொன்றாகப் பாருங்கள். பத்தியில் இல்லாத வெளி உண்மை, அளவு மீறிய கூற்று, மையமல்லாத துணை விவரம் ஆகிய இந்த வகைகளுக்குள் பெரும்பாலானவை அடங்கும், அதிலும் ஒரு வகை மற்றவற்றைவிட அதிகமாக இருக்கும். மிக விரைவாகப் படிக்கிறவர்கள் முதல் வகையில் விழுவதை வகுப்பில் அடிக்கடி பார்க்கிறேன். பத்தியின் தலைப்பொருள் தங்களுக்குத் தெரிந்ததாக இருந்துவிட்டால் அவர்கள் பத்தியைப் படிப்பதை நிறுத்திவிட்டுத் தங்களையே படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

பயிற்சிக்கு நான் சொல்லும் முறையைச் சில ஆசிரியர்கள் ஏற்பதில்லை. ஆங்கிலத்திலேயே சிந்திக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. நான் அப்படிக் கருதவில்லை. நாளுக்கு ஒரு ஆங்கிலக் கட்டுரை, ஆயிரம் சொற்களுக்குக் குறையாதது, படியுங்கள். படித்து முடித்ததும் திரும்பிப் பார்க்காமல், ஆசிரியர் என்ன சொல்கிறார், யாரை மறுக்கிறார் என்பதைத் தமிழில் இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் கட்டுரை புரியவில்லை என்று பொருள். சொற்கள் எல்லாம் தெரிந்தவையாக இருந்தாலும் அப்படித்தான். நாளேட்டுத் தலையங்கம் மட்டும் படித்தால் போதாது. தலையங்கம் பழகிய பொருளைப் பழகிய நடையில் சொல்லும். தேர்வில் வரும் பத்திகளோ மானுடவியல், பொருளாதார வரலாறு, சூழலியல், கலை விமர்சனம், தத்துவம் என்று நமக்குப் பிடிப்பில்லாத இடங்களிலிருந்து வரும். பிடிக்காத பொருளில் நாற்பது வரி தாக்குப்பிடிப்பதும் ஒரு பயிற்சி. கைபேசியில் படிக்க உட்கார்ந்தால் அறிவிப்புகள் விடா. வார இறுதியில் பி.ஜி. அறையின் இரைச்சலை விட்டு வெளியே வந்து, கப்பன் பூங்காவின் மத்திய நூலகத்திலோ, அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் தமிழ்ச் சங்க நூலகத்திலோ உட்கார்ந்து பாருங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு தேர்வுக்குப் படிப்பவர்களாகவே இருப்பார்கள், அந்தச் சூழலே ஒரு பிடிமானம்.

டி.ஐ.எல்.ஆர். பகுதியில் உங்கள் தொழில்தான் உங்களுக்கு எதிரி என்று நினைக்கிறேன். டெஸ்டிங் செய்பவர் ஒரு பிழையைக் கண்டுவிட்டால் அதன் வேரைப் பிடிக்காமல் நாற்காலியை விட்டு எழமாட்டார். அலுவலகத்தில் அதற்குப் பாராட்டு கிடைக்கும். இங்கே அதே பிடிவாதம் ஒரே செட்டில் (ஒரே தகவலைச் சார்ந்த கேள்வித் தொகுப்பில்) 20 நிமிடத்தை விழுங்கிவிடும். 2024 தேர்வில் 22 கேள்விகள் ஐந்து செட்டுகளாக வந்தன. முதல் ஐந்து நிமிடத்தில் பேனாவைத் தொடாமல் ஐந்தையும் படித்துவிடுங்கள். நிபந்தனைகள் கறாராக இருக்கின்றனவா, ஒரு அட்டவணையோ படமோ போட்டவுடன் இரண்டு மூன்று கட்டங்கள் தாமாக நிரம்புகின்றனவா என்று பாருங்கள். நிரம்பினால் அது எடுக்க வேண்டிய செட். "ஒருவேளை இவர் இங்கே இருந்தால்" என்று தொடக்கத்திலேயே மூன்று நான்கு கிளைகளாகப் பிரிய வேண்டியிருந்தால் அடுத்ததற்குப் போய்விடுங்கள். எடுத்த செட் பன்னிரண்டு நிமிடமாகியும் உடையவில்லை என்றால், அதில் ஏற்கெனவே கொட்டிய நேரத்தை மறந்து வெளியே வர வேண்டும். வலிக்கும்; எல்லோருக்கும் வலிக்கும். இரண்டு செட்டுகளைப் பிழையில்லாமல் முடித்து, மூன்றாவதில் எளிதான ஓரிரு கேள்விகளைப் பறித்துக்கொண்டால் நீங்கள் இப்போது இருக்கும் 74 நன்றாகவே உயரும்.

கணிதத்தில் 91 எடுத்தவருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சதவீதம், விகிதம், வேலை-நேரம், வேகம்-தூரம் போன்ற எண்கணிதமும், இயற்கணிதமும் சேர்ந்துதான் அந்தப் பகுதியின் பெரும்பங்கு. அவற்றில் கை சூடு ஆறாமல் வைத்திருக்க நாளுக்குப் பத்துக் கணக்கு போதும். திரையில் கால்குலேட்டர் தருகிறார்கள் என்பதற்காக அதை நம்பியிருக்காதீர்கள். விலை 25 சதவீதம் ஏறினால் செலவு மாறாமலிருக்கப் பயன்பாட்டை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்டால், நான்கில் ஒன்று ஏறினால் ஐந்தில் ஒன்று இறங்கும், ஆகவே 20 சதவீதம் என்று மனம் சொல்லிவிட வேண்டும். மவுஸைத் தேடிப் போகும் நேரத்தில் அடுத்த கேள்வியைப் படித்துவிடலாம். நீங்கள் செய்யக்கூடாதது ஒன்று உண்டு: சலிப்பு வரும்போதெல்லாம் பிடித்த கணிதத்துக்குள் போய் ஒளிந்துகொள்வது. 91 என்பதை 95 ஆக்க ஒரு மாதம் உழைப்பதைவிட, 58 என்பதை 80 ஆக்க அந்த மாதத்தைக் கொடுங்கள். மேலாண்மைக் கல்வி நிறுவனங்கள் மொத்தத்தில் மட்டுமல்லாமல் ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தபட்ச பெர்சென்டைல் கேட்கின்றன. ஒரு பகுதி சறுக்கினால் மற்ற இரண்டும் கைகொடுக்காது.

மாக் டெஸ்ட் பற்றி எழுதியிருந்தீர்கள். வாரம் இரண்டு எழுதியும் நகரவில்லை என்பது எனக்கு வியப்பளிக்கவில்லை. மாக் டெஸ்ட் நோயைக் காட்டும் பரிசோதனை, மருந்து அன்று. இனி வாரம் ஒன்று போதும். அக்டோபர் பிற்பாதியிலிருந்து வேண்டுமானால் இரண்டாக்கிக்கொள்ளலாம். சனிக்கிழமை எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை, தீர்வுகளைத் திறப்பதற்கு முன்பாக, தவறவிட்ட கேள்விகளையும் தொடாமல் விட்ட கேள்விகளையும் கடிகாரமில்லாமல் மறுபடி போட்டுப் பாருங்கள். அப்போது மூன்று குவியல் தானாகப் பிரியும். தெரியாமல் விட்டவை, தெரிந்தும் விட்டவை, தெரியாமல் தொட்டவை. முதல் குவியலுக்குப் பாடம் படிக்க வேண்டும். அது பெரும்பாலும் நீங்கள் அஞ்சுவதைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். இரண்டாவது குவியல் கேள்விகளைப் பார்வையிட்ட வரிசையில் கோளாறு இருப்பதைச் சொல்லும். மூன்றாவதுதான் உங்களுடையது. அந்தக் குவியலில் இருக்கும் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, எந்த நிமிடத்தில் அதை விட்டிருக்க வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆறேழு வாரத்தில் அந்த எழுத்து தேர்வு அறையிலேயே கேட்கத் தொடங்கும். மாக் டெஸ்ட் பெர்சென்டைலை நண்பர்களோடு ஒப்பிடுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். அதை எழுதுபவர்கள் சில ஆயிரம் பேர், கேட் எழுதுபவர்கள் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர், இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல.

ஜிமேட் எளிது என்பது பாதி உண்மை. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் தேர்வு 2 மணி 15 நிமிடம், 64 கேள்விகள். வடிவியல் இல்லை, வாக்கியத் திருத்தமும் இல்லை. மதிப்பெண் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். ஒரு முறை சறுக்கினால் 16 நாள் கழித்து மறுபடி எழுதலாம். கேட் மதிப்பெண்ணோ அந்த ஓர் ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே பயன்படும். இவையெல்லாம் ஜிமேட்டுக்குச் சாதகம்தான். ஆனால் அது எந்தக் கதவைத் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். ஐ.ஐ.எம்.களின் இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்புக்கு இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் உங்களைப் போன்றவர்களுக்குக் கேட் தேர்வுதான் வழி. ஜிமேட் மதிப்பெண் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும், ஐதராபாத்தின் ஐ.எஸ்.பி. போன்ற மேலாண்மைக் கல்வி நிறுவனங்களுக்கும், பணி அனுபவம் உள்ளவர்களுக்கான ஓராண்டுப் படிப்புகளுக்கும் உதவும். தேர்வுக் கட்டணமே இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும். உங்கள் கனவு பன்னேர்கட்டா சாலையில் உள்ள பெங்களூரு ஐ.ஐ.எம். வளாகமோ திருச்சி ஐ.ஐ.எம். வளாகமோ என்றால், இப்போது திசை மாறுவது நான்கு மாதத்தைச் சிதறடிப்பதாகவே முடியும். ஓரிரு ஆண்டு கழித்து, அனுபவம் கூடியபின், ஜிமேட்டை நிதானமாக யோசிக்கலாம். அது எங்கும் ஓடிவிடாது.

அப்பாவின் கெடுவைப் பற்றி எனக்குச் சொல்ல உரிமை குறைவு. ஆனால் அவர் முன்னால் தெளிவான நாட்காட்டி ஒன்றை வைத்தால் பேச்சு எளிதாகும் என்று தோன்றுகிறது. கேட் முடிவு டிசம்பர் பிற்பாதியிலோ ஜனவரித் தொடக்கத்திலோ வரும். நேர்முகத் தேர்வு அழைப்புகள் அடுத்தடுத்து வரும். மே மாதத்துக்குள் இடம் உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். அதுவரை அவகாசம் கேளுங்கள். படிப்புச் செலவு இருபது லட்சத்தைத் தாண்டும் என்பதையும், ஐ.ஐ.எம். சேர்க்கைக் கடிதம் கையில் இருந்தால் சொத்துப் பிணை இல்லாமலே கல்விக் கடன் தர வங்கிகள் முன்வருகின்றன என்பதையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. நிலத்தை அடகு வைக்க வேண்டியிருக்குமோ என்ற கவலையும் அந்த "ஒரு தடவைதான்" என்பதற்குள் இருக்கலாம்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களை நீங்கள் குறிப்பிடவில்லை. பெங்களூரு ஐ.ஐ.எம். அவற்றுக்கும் பட்டப்படிப்பு மதிப்பெண்ணுக்கும் கணிசமான எடை தருகிறது. வேறு சில நிறுவனங்கள் கேட் மதிப்பெண்ணுக்கே பெரும்பங்கைக் கொடுக்கின்றன. பெண் விண்ணப்பதாரர்களுக்குத் தனியாகச் சில புள்ளிகள் சேர்க்கும் நிறுவனங்களும் உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் தன் சேர்க்கைக் கொள்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்து, உங்கள் மதிப்பெண்களை அந்தச் சூத்திரங்களில் போட்டுப் பார்த்து, எங்கே எவ்வளவு பெர்சென்டைல் தேவைப்படும் என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். "99 வேண்டும்" என்று பொதுவாகப் பயப்படுவதைவிட, "இந்த இடத்துக்கு எனக்கு இவ்வளவு" என்று அறிந்திருப்பது படிப்பைச் சீராக்கும். ஜனவரியில் ஜாம்ஷெட்பூரின் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. மேலாண்மைக் கல்லூரி நடத்தும் எக்ஸ்.ஏ.டி. (XAT) நுழைவுத் தேர்வுக்கும் பதிவு செய்துவையுங்கள். அதில் முடிவெடுக்கும் திறனுக்கென்று தனிப் பகுதி உண்டு. தவறுக்குக் கால் மதிப்பெண் கழிவதோடு, எட்டுக்கு மேல் விடும் ஒவ்வொரு கேள்விக்கும் 0.10 கழியும் என்பதால், கேள்விகளை விடும் கணக்கு அங்கே வேறு. கேட் முடிந்த பின் அதற்கென்று மாக் டெஸ்ட் சில எழுதினால் போதும், ஆனால் பதிவை மட்டும் கேட் முடியும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

கேட் தேர்வுக்கான பதிவு செப்டம்பரில் முடிந்துவிடும். தேர்வு மையத்துக்கான ஊர்களை விருப்ப வரிசையில் கேட்பார்கள். முதலில் பெங்களூருவைப் போடுங்கள். காலை, நண்பகல், மாலை என மூன்று ஸ்லாட்டுகளில் எது உங்களுக்கு என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. நவம்பரில் ஹால் டிக்கெட் வரும்போதுதான் தெரியும். தெரிந்த நாளிலிருந்து மாக் டெஸ்ட்களை அதே நேரத்தில் எழுதுங்கள். மையம் பெரும்பாலும் நகரின் ஓரத்தில் ஏதாவது ஒரு கல்லூரியாக இருக்கும். எலஹங்கா பக்கம் விழுந்தால் பொம்மனஹள்ளியிலிருந்து ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக வேண்டும். காலை ஸ்லாட் எட்டரை மணிக்குத் தொடங்கும், அதற்கு வெகு முன்பே உள்ளே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ரோ மற்ற நாட்களைவிடத் தாமதமாகவே ஓடத் தொடங்குகிறது என்பதால் அதை நம்பித் திட்டமிடாதீர்கள். மையத்துக்கு அருகில் தோழியோ உறவினரோ இருந்தால் முந்தின இரவே அங்கே தங்கிவிடுங்கள். இல்லையென்றால் வண்டிக்கு முன்பதிவு செய்துவிட்டு, மாற்றாக இன்னொரு ஓட்டுநரின் எண்ணையும் கையில் வைத்திருங்கள். கைக்கடிகாரத்தை அறைக்குள் விடமாட்டார்கள், எழுதிப் பார்க்கத் தாளும் பேனாவும் அவர்களே தருவார்கள். இப்போதிருந்தே திரையின் மூலையில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்து மாக் டெஸ்ட் எழுதிப் பழகிக்கொள்ளுங்கள்.